சேறு மூடிய மலைச் சதுப்பு: ஜேசிபியா, கல் தடுப்பா, நாற்றா?

நீலகிரியில் ஹட்டி எனப்படும் படுகர் ஊர் ஒன்றுக்குக் கீழே நாலு ஏக்கர் சதுப்பு. மேலே சரிவில் கேரட், உருளைக்கிழங்கு, பூண்டு. ஒரு ஓரத்தில் தேயிலை, இன்னொரு ஓரத்தில் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் (வாட்டில் மரம்). கேத்தி, நஞ்சநாடு, எமரால்டு என்று எந்தப் பக்கம் போனாலும் இப்படி ஒன்று கண்ணில் படும். கோரையும் புல்லும் மூடியிருந்த கறுப்பு மண்ணின் மேல் இப்போது ஒரு சாண் கனத்துக்குச் செம்மண் சகதி. மழைக்காலத்தில் ஓடை சிவப்பாகப் புரளும். மார்ச் பிறந்தால் கீழே இருக்கும் குடிநீர்க் கிணறு கையை விரிக்கும்.

இதைச் சரிசெய்ய ஊரில் பணம் சேர்ந்துவிட்டால் நாலு யோசனை வரும். ஜேசிபி வைத்துத் தூர்வாரிக் குட்டையாக்கலாம். மேலேயே தடுப்புக் கட்டிச் சேற்றை மறிக்கலாம். கோரை, புல், சோலைக்காட்டு மர நாற்று நடலாம். வேலி போட்டு அப்படியே விட்டுவிடலாம். ஐந்தாவதாக ஒன்று உண்டு, அதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை: சதுப்புக்குள் வெட்டியிருக்கும் வடிகாலை அடைப்பது. அதற்குத் திறப்பு விழா கிடையாது, புகைப்படத்திலும் எடுபடாது. ஆனால் சேறு வருவதை மேலே மறித்த கையோடு செய்ய வேண்டிய வேலை அதுதான். நாற்று அதற்கும் பிறகு. தூர்வாருவது, சதுப்புக்குத் தண்ணீர் நுழையும் வாயில் மட்டும். இந்த வரிசையை மாற்றினால் ஏன் பணம் தண்ணீரோடு போகிறது என்பதைத்தான் ஒவ்வொன்றாகப் பார்க்கப் போகிறோம்.

பிச்சாவரத்தில் நடந்தது

கடலோர அலையாத்திக் காடுகளில் இதே கேள்வி முன்பே எழுந்து பதிலும் கிடைத்திருக்கிறது. பிச்சாவரத்தில் பல ஆண்டுகள் காட்டைக் கூறு கூறாக மொட்டையடித்து வெட்டினார்கள். வெயில் நேராகப் பட்ட தரை காய்ந்து தாழ்ந்து, நடுவில் குழிந்தது. ஓதத்தில் ஏறிய கடல்நீர் வடிய வழியில்லாமல் அங்கேயே தேங்கி ஆவியாக, உப்பு ஏறிக்கொண்டே போனது. அந்தத் தரையில் எத்தனை நாற்று நட்டாலும் நிற்காது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, ஓத நீர் உள்ளே வந்து போக வழி செய்தார்கள். பிறகுதான் நட்டது பிழைத்தது. அந்த வாய்க்கால்களும் வண்டலால் தூர்ந்துபோகக் கூடியவை. பராமரிப்பு நின்றால் பழைய கதைதான்.

வண்டல் விஷயத்திலும் அலையாத்தி ஒரு பாடம் வைத்திருக்கிறது. அதன் மூச்சுவேர்கள் சேற்றுக்கு மேல் ஒரு சாண் உயரம்தான் நீட்டிக்கொண்டிருக்கும். ஒரே வெள்ளத்தில் வந்த மண் அவற்றை மூடினால் மரம் திணறிச் சாகும். அதே அளவு மண் பல ஆண்டுகளில் மெல்லப் படிந்தால் காடு அதன் மேலேயே ஏறி வளரும். ஆகவே எவ்வளவு சேறு என்று மட்டும் பார்த்தால் போதாது, எவ்வளவு வேகத்தில் வந்தது என்றும் பார்க்க வேண்டும். மலைச் சதுப்பின் கோரைக்கும் இது பொருந்தும்.

மலையில் வேலை மட்டும் தலைகீழ். அங்கே வாய்க்கால் வெட்டினார்கள், இங்கே அடைக்க வேண்டும். நியாயம் ஒன்றுதான்: தண்ணீரின் போக்கு திருந்தாமல் செடி பிழைக்காது. பிச்சாவரம் 2022இலும், கோத்தகிரி லாங்வுட் சோலை 2024இலும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. கடற்கரையும் மலையும் ஒரே பட்டியலில் வந்த பிறகாவது, அங்கே படித்த பாடத்தை இங்கே மறுபடி பணம் கட்டிப் படிக்க வேண்டியதில்லை.

பணத்தைத் தொடுமுன் மூன்று அளவு

சகதியின் கனம் முதலில். ஒன்றரை மீட்டர் நீளமுள்ள 12 மி.மீ. கட்டுமானக் கம்பி போதும். சதுப்பின் குறுக்கே கயிறு கட்டி 10 மீட்டருக்கு ஒரு இடத்தில் கம்பியை அழுத்த வேண்டும். செம்மண் சகதியில் மணல் கரகரவென்று உரசுவது கைக்குத் தெரியும். அடியில் இருக்கும் கறுப்புக் கரிமண்ணைத் தொட்டதும் உரசல் நின்று கம்பி வழுக்கிக்கொண்டு இறங்கும். அந்த இடத்தில் விரலை வைத்து அளந்துகொள்ளலாம். நாலைந்து இடத்தில் மண்வெட்டியால் குழி எடுத்துக் கண்ணாலும் சரிபார்க்க வேண்டும். இதைச் செய்தால் பெரும்பாலும் ஒரு விஷயம் தெரியவரும்: சேறு எல்லா இடத்திலும் ஒரே கனத்தில் இருப்பதில்லை. ஓடை நுழையும் வாயில் அரை மீட்டர், கீழ்முனையில் நாலு விரல். முழுச் சதுப்பையும் வார வேண்டும் என்ற எண்ணம் பாதி இதிலேயே அடங்கிவிடும்.

அடுத்து, அது எந்த மாதிரிச் சேறு என்பது. கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு சகதி, மீதி தண்ணீர் விட்டுக் குலுக்கி வைத்தால் மணல் ஒரு நிமிடத்தில் அடியில் தங்கும். வண்டல் இரண்டு மணி நேரம் எடுக்கும். களிமண் மறுநாளும் கலங்கலாகவே நிற்கும். மணல் அதிகமென்றால் குழி வெட்டிப் பிடிக்கலாம். களி அதிகமென்றால் குழியால் பயனில்லை, புல்தான் வடிகட்ட வேண்டும்.

மூன்றாவது அளவு எல்லாவற்றையும்விட முக்கியம்: நிலத்தடி நீர் மட்டம். 50 மி.மீ. பிவிசி குழாயை ஒரு மீட்டருக்கு வெட்டி, கீழ் 40 செ.மீ. வரை ரம்பத்தால் கீறல் போட்டு, அந்தப் பகுதியில் காடாத்துணி சுற்றி, மேலே மூடி போட்டு சதுப்பில் நட்டுவிடலாம். நாலு ஏக்கருக்கு ஆறு குழாய் போதும்: வடிகாலை ஒட்டி இரண்டு, நடுவில் இரண்டு, ஓரத்தில் இரண்டு. வாரம் ஒரு முறை குச்சி விட்டு அளந்து நோட்டில் எழுத வேண்டும். நல்ல சதுப்பில் ஆண்டின் பெரும் பகுதி நீர் மேல்மட்டத்திலிருந்து ஒரு சாணுக்குள் நிற்கும். வடிகாலை ஒட்டிய குழாயில் அது முழங்கை ஆழத்துக்கு இறங்கி, தள்ளியிருக்கும் குழாயில் மேலேயே நின்றால், சதுப்பை வடிப்பது அந்த வடிகால்தான். கோடை முழுதும் அளக்காமல் எடுக்கும் முடிவு வெறும் ஊகம்.

தூர்வாருதல்

ஜேசிபி இறங்கினால் வேலை நடப்பது கண்ணுக்குத் தெரியும். இந்த வழியை எல்லோரும் விரும்புவதற்கு அது ஒன்றே காரணம். கணக்கைப் பார்ப்போம். நாலு ஏக்கரில் சராசரி 20 செ.மீ. சகதி என்றால் சுமார் 3,200 கன மீட்டர். இரண்டு யூனிட் (200 கன அடி) டிப்பரில் ஏறத்தாழ 570 நடை. தண்ணீரோடு அள்ளிய சகதி வண்டியில் நிற்காமல் வழிவதால் நடை இன்னும் கூடும். மலையில் இவ்வளவு மண்ணைக் கொட்ட இடம் எங்கே? வழக்கமாகச் சதுப்பின் கரையிலேயே குவிப்பார்கள். முதல் பெருமழையில் பாதி திரும்பி உள்ளே வந்துவிடும்.

அதைவிடப் பெரிய கேடு, எங்கே நிறுத்துவது என்பது வாளிக்குத் தெரியாது என்பதுதான். செம்மண்ணுக்குக் கீழே இருப்பது கரிமண்: தண்ணீரில் ஊறி மட்காமல் கிடக்கும் செடிகளின் ஆயிரக்கணக்கான ஆண்டுச் சேமிப்பு. நீலகிரியின் சாண்டிநல்லாப் பள்ளத்தாக்கின் கரிமண் படிவுகள் 20,000 ஆண்டுகளுக்கும் முந்தைய காலநிலையின் தடயத்தை வைத்திருக்கின்றன. ஒரு வாளி கூடுதலாக அள்ளினால் அது போனது போனதுதான். வெளியே கொட்டிய கரிமண் காய்ந்து சுருங்கி வெடிக்கும். நன்றாகக் காய்ந்தால் திரும்ப நனைத்தாலும் தண்ணீரை ஏற்காது, தீயும் பிடிக்கும். வண்டிச் சக்கரம் பதிந்த தடம் ஒவ்வொன்றும் புது வடிகால்.

கீழ்முனையில் ஆழமாகத் தோண்டுவது இன்னொரு தவறு. அங்கே தரை தாழ்ந்தால் மேலே இருக்கும் ஈரம் அதை நோக்கி வடியும். பள்ளத்தின் மேல்விளிம்பு இடிந்து இடிந்து, அரிப்பு ஒவ்வொரு மழைக்கும் சதுப்புக்குள் ஏறும். குட்டையில் தண்ணீர் மின்னுவதைப் பார்த்து ஊர் சந்தோஷப்படும்; அடுத்த கோடையில் கிணறு முன்பைவிடச் சீக்கிரம் வற்றும்.

சேறு வருவது நிற்காமல் வாரினால் எத்தனை நாள் தாங்கும்? மேலே 60 ஏக்கர் தோட்டம், ஆண்டுக்கு ஒரு மி.மீ. மேல்மண் கரைகிறது, அத்தனையும் சதுப்புக்கு வருகிறது என்றால் ஆண்டுக்கு ஒன்றரை செ.மீ. ஏறும். வாரிய 20 செ.மீ. 13 ஆண்டில் நிறையும். மோசமான மழையில் மூன்று மி.மீ. கரைந்தால் நாலரை ஆண்டு. அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 800 மி.மீ.க்கு மேல் பெய்தது. அந்த மாதிரி மழைக்கு எந்தக் கணக்கும் நிற்காது. குந்தா அணையில் சேறு நிறைந்து கிடப்பதும், கோடப்பமந்து கால்வாய் கொண்டுவருவது ஊட்டி ஏரியில் தங்குவதும் ஊரறிந்த விஷயம்.

அப்படியானால் தூர்வாரவே கூடாதா? வாரலாம், இரண்டு இடத்தில். ஓடை சதுப்புக்குள் நுழையும் வாயில், கம்பி அளவில் அரை மீட்டருக்கு மேல் மணல் நிற்கும் இடத்தில், மண்வெட்டி ஆட்களை வைத்து. அடுத்து, மனிதர் கட்டிய ஏரி, அணை, தடுப்புக்குட்டை ஆகியவற்றில். இவை கரிமண் சதுப்புகள் அல்ல. அங்கேயும் அள்ளுமுன் சேற்றைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். கொடைக்கானலில் பாதரசக் கழிவுப் பிரச்சினையால் தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001இல் மூடப்பட்டது. ஏரியிலும் பாதரசம் கண்டறியப்பட்டது. பாதரசம் கலந்த சேற்றைக் கிளறினால் அடியில் அடங்கிக் கிடந்தது தண்ணீருக்கு வரும், மீனுக்கு ஏறும். அப்படிப்பட்ட இடத்தில் வாருவதா, மூடிவிடுவதா என்பது ஊர்க்கூட்டம் முடிவு செய்யும் காரியம் அல்ல. காய்கறித் தோட்டச் சேறு அந்த அளவுக்குப் போகாது. என்றாலும் உரமும் பூச்சிமருந்தும் மண் துகளோடு ஒட்டியே வருகின்றன என்பதால், குடிநீர் ஓடைக்குப் பக்கத்தில் அதைக் குவிக்கக் கூடாது.

இன்னொன்று: நீலகிரியில் ஜேசிபி, பொக்லைன் ஓட்ட மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். மற்ற வழிகள் மண்வெட்டியோடு முடிந்துவிடும்.

மேலேயே மறிப்பது

சேறு எங்கிருந்து வருகிறது என்று மழையில் நனைந்துகொண்டே நடந்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு கிளை ஓடை சேரும் இடத்திலும் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து, வரிசையாக வைத்தால் எது குற்றவாளி என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் மூன்றில் ஒன்று: தோட்டம், புதிதாக வெட்டிய பாதை அல்லது வீட்டுமனை, கேரட் கழுவும் இடம். கேரட் கழுவும் இயந்திரம் ஓடைக்கரையில் நின்றால் மழையில்லாத நாளிலும் ஓடை சிவக்கும். அதற்குத் தடுப்பணை மருந்தல்ல. இயந்திரத்தைக் கரையிலிருந்து நகர்த்தி, கழுவிய தண்ணீரை இரண்டு மூன்று தொட்டிகளில் தங்கவைத்துத் தோட்டத்துக்கே திருப்ப வேண்டும். இது பொறியியல் வேலை அல்ல, பேச்சுவார்த்தை. சிமெண்ட் வேலையைவிடக் கடினம்.

தோட்டத்தில் என்ன நடக்கிறது என்றால், கார்போகத்துக்கு ஏப்ரல், மே மாதத்தில் மண்ணைக் கிளறி விதைக்கிறார்கள். ஜூனில் தென்மேற்குப் பருவமழை இறங்கும்போது இலை மூடாத வெற்று மண் அதற்கு எதிரே நிற்கிறது. படிக்கட்டு வயல் இருந்தாலும், தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகும் என்ற பயத்தில் படியை வெளிப்பக்கம் சாய்த்து, பாத்தியை மேலிருந்து கீழாகப் பிடிக்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது, அதைக் கேலி செய்து பயனில்லை. படியை உள்பக்கம் லேசாகச் சாய்த்து, சுவரடியில் ஒரு சிறு வாய்க்கால் விட்டு, அதைப் பக்கவாட்டில் புல் வளர்த்த ஒரு வடிகாலில் சேர்த்தால் தண்ணீரும் தேங்காது, மண்ணும் போகாது. புல் வடிகால் இல்லாமல் படியை மட்டும் திருத்தினால் சுவர் இடியும். இரண்டும் சேர்ந்துதான் ஒரு வேலை.

வடிகால் முடியும் இடத்தில் வண்டல் குழி: 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம். அரை ஏக்கரில் ஒரு மி.மீ. மண் கரைந்தால் அதுவே 2 கன மீட்டர், அதாவது குழி முழுதும். ஒரு மி.மீ. மண் போனது விவசாயியின் கண்ணுக்குத் தெரியவே தெரியாது, குழியில்தான் தெரியும். பாதி நிறைந்ததும் அள்ளி மேல் பாத்தியில் போட வேண்டும். அள்ளாத குழி வெறும் அலங்காரம். அதைவிட மோசம், நிரம்பிய குழியின் மேல் பாயும் தண்ணீர் உள்ளே இருந்ததையும் கிளப்பிக்கொண்டு போகும்.

இந்தக் குழியால் எதைப் பிடிக்க முடியும், எதைப் பிடிக்க முடியாது என்பது தெரிந்திருக்க வேண்டும். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில், 0.1 மி.மீ. நுண்மணல் அடியில் தங்க இரண்டு நிமிடம் ஆகும். 0.01 மி.மீ. வண்டலுக்கு மூன்று மணி நேரம். 0.002 மி.மீ. களிக்கு மூன்று நாள், அதுவும் தண்ணீர் அசையாமல் நின்றால். நம்மூர் குளிரில் இன்னும் தாமதமாகும். ஓடும் தண்ணீர் குழியில் சில நிமிடம்கூடத் தங்குவதில்லை. ஆகவே மணல் குழியில் நிற்கும், களி தப்பிவிடும். "குழி வெட்டினோம், இன்னும் ஓடை சிவப்பாகத்தான் வருகிறது" என்ற புகாருக்கு விடை இதுதான். அதைக் குறைக்கப் புல்பட்டை வேண்டும். ஓடைக்கும் தோட்டத்துக்கும் இடையே 5 மீட்டர் அகலத்துக்கு உழாமல் விட்டு, உள்ளூர்ப் புல்லும் கோரையும் அடர்த்தியாக நிற்க வேண்டும். தண்ணீர் பரவலாகப் படர்ந்து ஓடினால்தான் புல் வடிகட்டும். ஓரிடத்தில் குவிந்து ஓடினால் புல்லைச் சாய்த்துக்கொண்டு போய்விடும். கிகுயு புல் சீக்கிரம் மூடுகிறது என்று அதை நட ஆசை வரும். நட்டால் அது பட்டையோடு நிற்காது; சதுப்புக்குள் இறங்கி, மற்றதையெல்லாம் அமுக்கிவிடும்.

சிறு ஓடைகளில் சிமெண்ட் இல்லாத கல் தடுப்பு போதும். உயரம் 60 செ.மீ. தாண்டக் கூடாது. கீழ்த்தடுப்பின் தலை, மேல்தடுப்பின் அடியோடு மட்டமாக இருக்க வேண்டும். பத்துக்கு ஒன்று சரிவில் 6 மீட்டருக்கு ஒரு தடுப்பு வரும். மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய டியூப் லெவல் போதும். நடுப்பகுதி ஓரங்களைவிட ஒரு சாண் தாழ்ந்திருக்க வேண்டும். இரு கரைக்குள்ளும் அரை மீட்டர் பதிய வேண்டும். தண்ணீர் விழும் இடத்தில் ஒரு மீட்டருக்குத் தட்டைக் கல் பரப்ப வேண்டும். கல் தடுப்பு உடைவது அபூர்வம், தண்ணீர் அதைச் சுற்றிக்கொண்டு கரையை அறுத்துப் போவதுதான் வழக்கம். நடுவை உயர்த்திக் கட்டிய தடுப்புகள் ஒரே பருவத்தில் அப்படித்தான் முடிகின்றன. கல்லை அதே ஓடையிலிருந்து பெயர்த்தெடுப்பது கூலியை மிச்சம் பிடிக்கும், ஓடையின் அடியை அவிழ்த்துவிடும்.

பாதை வெட்டிய மண்சரிவுக்குத் தனி வைத்தியம். வெட்டிய மண்ணைப் பள்ளத்தில் தள்ளிவிடும் பழக்கம் நிற்காத வரை கீழே கட்டும் எதுவும் தாங்காது. 60 ஏக்கர் தோட்டம் ஆண்டெல்லாம் விடுவதை ஒரு வீட்டுமனைச் சரிவு ஒரே வாரத்தில் விட்டுவிடும்.

வடிகாலை அடைப்பது

சதுப்பின் நடுவே 60 செ.மீ. அகலம், 60 செ.மீ. ஆழத்தில் ஒரு காலத்தில் வெட்டிய வாய்க்கால் இருக்கும். காய்கறி போடவோ மரம் வைக்கவோ வெட்டியது. பயிர் போன பிறகும் அது வேலை செய்துகொண்டேயிருக்கிறது. அதை மூட முழு வாய்க்காலையும் நிரப்ப வேண்டியதில்லை, இடையிடையே அடைப்பு வைத்தால் போதும். ஒரு அடைப்புக்கும் அடுத்ததற்கும் நீர் மட்ட வித்தியாசம் 15 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். நூற்றுக்கு ஒன்று சரிவில் 15 மீட்டருக்கு ஒன்று, நூற்றுக்கு மூன்றில் 5 மீட்டருக்கு ஒன்று. வித்தியாசத்தைக் கூட்டி அடைப்பு எண்ணிக்கையைக் குறைத்தால், அழுத்தம் தாங்காமல் தண்ணீர் அடியில் துளைத்துக்கொண்டு போகும்.

ஒவ்வொரு அடைப்பும் வாய்க்கால் நீளத்தில் இரண்டரை மீட்டர். முதலில் இரு கரையையும் அடியையும் ஒரு முழம் புதிதாக வெட்டி, வேரும் சருகும் இல்லாத ஈர மண் தெரியவேண்டும். கீழ்ப்பக்கம் சீகைக் கம்புகளை நெருக்கமாக, அடிக்குக் கீழே முக்கால் மீட்டர் இறங்கும்படி அடிக்க வேண்டும். பட்டை உரித்த, காய் இல்லாத கம்பாக இருக்கட்டும். சீகை விதை மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். பிறகு பக்கத்திலேயே எடுத்த ஈரமான கரிமண்ணை ஒரு சாண் ஒரு சாணாகப் போட்டு மிதித்து இறுக்க வேண்டும். சிவப்புச் சகதியை இதற்குப் போடக் கூடாது, மணல் கலந்தது கசியும். உச்சி சுற்றுத் தரையைவிட ஒரு சாண் உயர்ந்து, இரு பக்கமும் இறக்கைபோல் நீள வேண்டும். தண்ணீர் அடைப்பின் மேலே வழியாமல் பக்கவாட்டில் சதுப்பில் பரவ வேண்டும் என்பதே நோக்கம். மேல்முனையிலிருந்து தொடங்கிக் கீழே வர வேண்டும். கீழே முதலில் அடைத்தால் தேங்கிய தண்ணீரில் நின்று மேலே வேலை செய்ய நேரும். ஜனவரி முதல் மார்ச் வரை சரியான காலம்.

இந்த வழிக்கு எதிரான வாதமும் உண்டு. பக்கத்துத் தோட்டத்தின் கடைசிப் பாத்தி ஊறிப்போகலாம். ஒரு சென்ட் நிலமாவது ஈரமாகும் விவசாயியிடம் முன்பே பேசாமல் அடைத்தால், ஒரே இரவில் அடைப்பு காணாமல் போகும். அந்த இரண்டு பாத்தியைப் புல்பட்டையாக விட்டுத்தரச் சொல்லி, ஊர்ப்பணத்தில் ஈடு கொடுப்பது மலிவு. அடுத்தது, மேலிருந்து சேறு நிற்காத நிலையில் அடைத்தால் அடைப்புகளின் பின்னால் செம்மண் நிறைந்து தரை மேடாகி, சதுப்பு வெறும் புல்தரையாகும். ஆகவேதான் மேலே மறிப்பது முதலில், இது இரண்டாவது. ஒரே கோடையில் இரண்டையும் முடித்தால் இன்னும் நல்லது.

நாற்று நடுவதும், சும்மா விடுவதும்

நாலு ஏக்கரிலும் அரை மீட்டர் இடைவெளியில் கோரைத் தூர் (வேரோடு கூடிய கொத்து) நட 65,000 தூர் வேண்டும். அவ்வளவையும் இன்னொரு சதுப்பிலிருந்து பிடுங்கினால் ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றைக் கெடுத்ததாகும். நல்ல இடத்திலிருந்து பத்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. நட வேண்டிய இடமும் குறைவுதான்: நுழைவாயின் இருபுறம், அடைப்புகளின் தலை, புல்பட்டையில் வெறுமையான இடம். 60 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலப் பட்டைக்கு 30 செ.மீ. இடைவெளியில் 3,300 தூர். ஆறேழு ஆட்களின் மூன்று நாள் வேலை.

நீலகிரிச் சதுப்புக்கே உரிய புற்கள் உண்டு. எரியோகிரைசிஸ் ரங்காச்சாரி என்ற புல் இங்கே மட்டும் வளர்வது. தோடர்கள் தங்கள் கோயில் கூரை வேய்வதற்குப் பயன்படுத்துவது. அது எந்தச் சதுப்பில் எப்படி நிற்கும் என்று அறிந்தவர்கள் தோடர் மந்துகளில் (குடியிருப்புகளில்) இருக்கிறார்கள். நடுவதற்கு முன் அவர்களைக் கேட்பது நல்லது. சோலை மர நாற்றைச் சதுப்பின் நடுவில் நடுவது வெறும் ஆர்வக்கோளாறு. ஈரத்தில் வேர் அழுகும். தப்பினால் டிசம்பர், ஜனவரி உறைபனியில் கருகும். சோலை ஓரத்தை ஒட்டி, நிழலில் மட்டும் அதற்கு இடம். கல்லா லில்லி இருக்கும் இடத்தில் புதிதாக எதையும் நடும் முன் அதைக் கிழங்கோடு எடுக்க வேண்டும். துண்டு விட்டுப்போனால் மறுபடி முளைக்கும். ஜேசிபி ஓடிய சதுப்புகளில் அது பரவுவதற்கு வாளியில் ஒட்டிய கிழங்குத் துண்டே போதும்.

சும்மா விடுவதைச் சோம்பேறித்தனம் என்று தள்ளிவிட வேண்டாம். சகதி நாலு விரலுக்குள், மேலே சேற்று வரத்து நின்றுவிட்டது, குழாயில் மார்ச்சிலும் நீர் ஒரு சாணுக்குள் நிற்கிறது என்றால், எதுவும் செய்யாமல் இருப்பதே சிறந்த வழி. மண்ணில் புதைந்த கிழங்கும் வேரும் மெல்லிய படிவைத் துளைத்து மேலே வரும். இரண்டு மழைக்காலம் பார்த்து, அப்படியும் வெறுமையாக இருக்கும் திட்டில் மட்டும் நடலாம். ஆனால் சுற்றிலும் கம்பி வேலி போட்டு மாட்டை முற்றிலும் விலக்கினால் புதர் ஏறும். காட்டுமாடு வேலியை மதிப்பதுமில்லை. முதல் இரண்டு ஆண்டுகள் புதிய நடவை மட்டும் சீகைக் கம்பு வேலியால் காத்து, பிறகு அளவான மேய்ச்சலுக்குத் திறந்துவிடுவது போதும்.

எந்த ஊருக்கு எது

மேலிருந்து சேறு இன்னும் வந்துகொண்டிருக்கும் ஊரில் பணத்தில் முக்கால் பங்கு சரிவுக்கே போகட்டும். சதுப்பை இந்த ஆண்டு தொடவே வேண்டாம், குழாய் மட்டும் நட்டு அளக்கலாம். தோட்டம் தேயிலையாக மாறி, சேறு அடங்கி, ஆனால் கிணறு வற்றும் ஊரில் வடிகால் அடைப்பே முதல் வேலை. நகரத்துக் கழிவுநீரும் சேர்ந்து வரும் இடத்தில் இந்த எதுவும் முதல் வேலை அல்ல. சாக்கடையைப் பிரிக்காமல் சதுப்பைத் திருத்த முடியாது.

இதெல்லாம் செய்தும் இரண்டாவது மார்ச்சில் ஓரக் குழாய்களில் நீர் ஒரு முழத்துக்குக் கீழே நின்றால், வடிகாலை விட்டுவிட்டு மரத்தைப் பார்க்க வேண்டும். நீலகிரியின் கிளன்மார்கனில் புல்வெளியைக் கற்பூர மரத் தோப்பாக்கி அளந்தபோது, முதல் சுற்றில் ஓடைக்கு வரும் தண்ணீர் சுமார் 16 விழுக்காடும், வெட்டித் தளிர்த்த இரண்டாம் சுற்றில் சுமார் 25 விழுக்காடும் குறைந்தன. சதுப்பின் விளிம்பில் நிற்கும் கற்பூரமும் சீகையும் அதே வேலையைத்தான் செய்கின்றன. பட்டா நிலமானாலும் 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வெட்டுவதற்கு அனுமதி வாங்க வேண்டும்; வனநிலமென்றால் வனத்துறைதான் செய்ய வேண்டும். விண்ணப்பத்தை முதல் ஆண்டிலேயே போட்டுவைத்தால் இரண்டாம் ஆண்டு காத்திருக்க வேண்டாம். வெட்டிய கற்பூரக் கட்டையில் மூன்று நாலு மாதத்துக்கு ஒரு முறை தளிரைக் கழிக்க வேண்டும். சீகை வெட்டிய இடத்தில் அடுத்த மழையிலேயே கன்றுகள் பாய் விரித்ததுபோல் முளைக்கும். தரை ஈரமாக இருக்கும்போது, முழங்கால் உயரம் வருமுன் கையாலேயே வேரோடு பிடுங்கிவிடலாம். அந்த ஆண்டு விட்டால் அடுத்த ஆண்டு அரிவாள் வேண்டும்.